பின்பக்கம் ஆடுதா? முதல்ல புஷ்ஷைப் பாருங்க

கேள்வி: அண்ணா, என்னட்ட 2004ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ எம்3 இருக்குது, ஈ46 மாடல். கிழமை நாள்ல பெரிசா ஓடுறேல்ல, இடைக்கிடை பிரான்ட்ஸ் ஹாட்ச் ட்ராக்குக்குக் கொண்டு போவன். இப்ப கொஞ்ச நாளா வளைவுக்குள்ள ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்பக்கம் தன்ர பாட்டுக்கு ஒரு பக்கம் போற மாதிரிக் கிடக்கு. பின் டயர் ரெண்டும் உள்பக்கமாத் தேஞ்சு போச்சு. கராஜ்காரர் ட்ரெயிலிங் ஆர்ம் புஷ் போயிட்டுது எண்டு சொல்லுறார். கூட்டாளி ஒருத்தன் பாலி புஷ் போடு எண்டுறான், மற்றவன் ஸ்பெரிக்கல் பேரிங் போடு, அதோட அட்ஜஸ்டபிள் ஆர்மும் போடு எண்டுறான். எதைப் போடலாம் எண்டு சொல்லுங்கோ.
- ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: கராஜ்காரர் சரியாத்தான் பிடிச்சிருக்கார் தம்பி. புஷ்ங்கிறது சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டுற முனையில இருக்கிற ரப்பர் உருளை; பாலின்னா அதையே கெட்டியான பாலியூரித்தேன்ல செஞ்சது, ஸ்பெரிக்கல் பேரிங்னா ரப்பரே இல்லாத உலோகக் குண்டு மூட்டு. வளைவுல காலை எடுத்ததும் ஸ்டியரிங் திருப்பாமலே பின்பக்கம் திரும்புறது, ப்ரேக் அமுக்கினா லேசா நெளியறது, நேர் ரோட்டுல கூட கார் அலையறது, உள்பக்கம் மட்டும் டயர் வழுக்கையாகுறது, இதெல்லாம் சேர்ந்து வந்தா ஈ46ல முதல் சந்தேகம் அந்த புஷ் மேலதான். பிரான்ட்ஸ் ஹாட்ச்ல முதல் வளைவே பேடாக் ஹில், இறக்கத்துல வலது பக்கம் திரும்பணும், அங்க பாதியில பயந்து காலை எடுத்தா புஷ் நல்லா இருக்கிற காரே வாலை ஆட்டும், உங்களுதுக்குக் கேக்கவே வேணாம், அதனால இதைச் சரி பண்ற வரைக்கும் ட்ராக் பக்கம் போகாதீங்க.

எதைப் போடறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த புஷ் என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சிக்கணும், ஏன்னா உங்க கூட்டாளிங்க ரெண்டு பேரும் "எவ்வளவு கெட்டியா இருக்கோ அவ்வளவு நல்லது"ங்கிற கணக்குலதான் பேசுறாங்க. ஈ46ல பின்னாடி ஒவ்வொரு பக்கமும் மூணே மூணு ஆர்ம். குறுக்கால ரெண்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, இது ரெண்டும் பாடிக்கு அடியில மாட்டியிருக்கிற சட்டத்துல, அதாவது சப்ஃப்ரேம்ல இருந்து வருது. நீளவாக்குல ஒண்ணு, அதுதான் ட்ரெயிலிங் ஆர்ம், வீல் பேரிங்கே அதுக்குள்ளதான் அமுக்கி வெச்சிருக்கு, ஆர்ம் எந்தப் பக்கம் திரும்புதோ வீலும் அந்தப் பக்கம்தான் திரும்பும். அந்த ஆர்மோட முன்முனை ஒரே ஒரு புஷ் வழியா ஒரு ப்ராக்கெட்ல மாட்டி, ப்ராக்கெட் மூணு போல்ட்ல பாடிக்கு அடியில இருக்கிற குழியில போய் உக்காருது. பிஎம்டபிள்யூ இந்த அமைப்பை முதல்ல போட்டது இஸட்1ல, 1989 வாக்குல, அப்புறம் 3 சீரிஸ்ல ஈ36, ஈ46னு தொடர்ந்து வந்துச்சு.

இப்ப கணக்கு பாருங்க. முன்முனை வெளிப்பக்கமா நகர்ந்தா வீலோட மூக்கும் வெளிப்பக்கம் பாக்கும், உள்பக்கமா நகர்ந்தா உள்பக்கம் பாக்கும். ஆர்ம் நீளம் ஒரு 45 சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டா, கிழிஞ்ச புஷ்ல 3 மில்லிமீட்டர் பக்கவாட்டுல ஆடினாலே வீல் கிட்டத்தட்ட 0.4 டிகிரி திரும்பிடும். வீலோட மூக்கு இப்படி உள்ள வெளிய பாக்கிற கோணத்துக்குப் பேர் டோ, தொழிற்சாலையில வைக்கிற டோ ஒரு பக்கத்துக்கு 0.2 டிகிரி கூட இருக்காது. அதாவது அலைன்மென்ட் மெஷின்ல எவ்வளவு பார்த்துப் பார்த்து வெச்சாலும், ப்ரேக் அமுக்கும்போது ஒரு டோ, ஆக்சிலரேட்டர் குடுக்கும்போது இன்னொரு டோ, ரெண்டு வீலும் ஆளுக்கொரு பக்கம். 343 குதிரைசக்தி பின்வீலுக்குப் போற வண்டியில இது விளையாட்டு இல்ல.

சரி அப்போ பாலி போட்டு ஆடாம நிறுத்திடலாமேன்னா, அங்கதான் சிக்கல். வீல் மேல ஏறும்போது ட்ரெயிலிங் ஆர்ம் வெறுமனே கதவு மாதிரி ஒரே அச்சுல சுத்தி மேல போறதில்ல. குறுக்கால இருக்கிற ரெண்டு ஆர்மும் அதை உள்பக்கம் இழுக்குது, கேம்பரும் (வீலோட மேல்பக்கம் உள்ள வெளிய சாயற கோணம்) மாறுது, அப்போ ட்ரெயிலிங் ஆர்ம் தன்னோட நீளத்துலயே கொஞ்சம் முறுக்கிக்கணும். அந்த முறுக்கலை எல்லாம் தாங்கிக்கிறது அந்த ஒரே புஷ்தான். தோள்பட்டை எல்லாப் பக்கமும் சுத்தும், முழங்கால் ஒரே பக்கம்தான் மடங்கும், இங்க வேணுங்கிறது தோள்பட்டை, ஆனா பாலி புஷ் முழங்கால். ஷோர் ஏங்கிற கெட்டித்தன்மை அளவுல 90, 95னு கெட்டிப் பாலியைப் போட்டா பக்கவாட்டு ஆட்டம் நிக்கும், கூடவே முறுக்கலும் நின்னுடும். சஸ்பென்ஷன் மேல கீழ போகும்போது பிடிச்சு பிடிச்சு விடும், ஸ்ப்ரிங் ரேட்டை ஏத்தினா மாதிரி ஒரு உணர்வு வரும், அதை சிலபேர் "ஆஹா வண்டி டைட்டாயிடுச்சு"ன்னு சந்தோஷப்படுவாங்க, ஆனா பள்ளத்துல டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். அதோட பாலியும் ஓரத்துல நசுங்கி முட்டை வடிவமாயிடும், அப்புறம் பழையபடி ஆட்டம். எண்ணெய் செலவே ஒழிய பிள்ளை பிழைச்ச பாடில்ல.

ஸ்பெரிக்கல் பேரிங் அந்த விதத்துல சரியான பொருள், எல்லாப் பக்கமும் சுத்தும், பக்கவாட்டுல அசையாது. ட்ராக்குக்கு மட்டும் ஓட்டுற, ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டு போற காருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா உங்க ஊர்ல குளிர்காலத்துல ரோடு முழுக்க உப்பு போடறாங்க, சேறும் உப்பும் உள்ள போனா பேரிங் சீக்கிரமே கடகடன்னு சத்தம் போட ஆரம்பிக்கும். டிஃபரென்ஷியல் முனகல், ரோட்டு இரைச்சல் எல்லாம் ரப்பர் இல்லாததால நேரா சீட்டுக்கு வரும். அதைவிட முக்கியம், ரப்பர் வாங்கிக்கிட்டிருந்த அடியை எல்லாம் இப்ப அந்த ப்ராக்கெட் உக்காந்திருக்கிற குழியோட தகடுதான் வாங்கணும். குருவி தலையில பனங்காய். ஈ36லயும் ஈ46லயும் ட்ராக் வண்டிகள்ல அந்தக் குழி கிழியறது தெரிஞ்ச கதை, அதுக்குன்னே வெல்ட் பண்ற வலுவூட்டுத் தகடு தனியா விக்கிறாங்க. ஸ்பெரிக்கல் போடறதா இருந்தா அந்தத் தகட்டையும் சேர்த்து வெச்சுத்தான் செலவைக் கணக்குப் போடணும்.

என் கட்சி என்னன்னா, புது எம்3 ரப்பர் புஷ், அசல் கம்பெனி தரத்துல, ரெண்டு பக்கமும். சாதா ஈ46 வெச்சிருக்கிறவங்களே தேடிப்போய் எம்3 புஷ்ஷை வாங்கிப் போடறாங்கன்னா பார்த்துக்குங்க. ட்ராக் போறதால கூட லிமிட்டர் போட்டுக்கலாம், அது புஷ்ஷுக்கு ரெண்டு ஓரத்துலயும் ப்ராக்கெட்டுக்கு நடுவுல வர்ற மெல்லிசான பாலி வாஷர், முறுக்கலை ரொம்பத் தடுக்காம பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும் குறைக்கும். அது தேய்ஞ்சு போற சாமான், அடுத்த தடவை புஷ் கழட்டும்போது பாதி இருக்காது, பரவாயில்ல. இருபது வருஷப் பழசான ரப்பரைக் கழட்டிட்டு ஸ்பெரிக்கல் போட்டவங்க "வண்டி வேற மாதிரி ஆயிடுச்சு"ன்னு சொல்றதுல பெரும்பங்கு பழைய ரப்பர் போனதுக்கான பாராட்டு, புது ரப்பர் போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி காரை லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈ46க்கு இன்னொரு பேர் போன வியாதி இருக்கு, சப்ஃப்ரேம் நாலு இடத்துல பாடியில மாட்டுதே, அங்க தகடு விரிசல் விடும். அடியில பூசியிருக்கிற கோட்டிங்கை மவுண்டைச் சுத்திக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டுத்தான் பாக்கணும், மேலோட்டமா பாத்தா தெரியாது, பூட்ல கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்பாட் வெல்ட் பிடுங்கியிருக்கான்னும் பாருங்க. விரிசல் இருந்தா புஷ் கதையை மூடி வெச்சுட்டு வெல்டிங் கதையைத் திறக்கணும், தகடு கிழிஞ்ச பாடியில தங்கத்துல புஷ் செஞ்சு போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

மாட்டும்போது கராஜ்காரர்கிட்ட ஒரு விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்க: ப்ராக்கெட்டை எந்தக் கோணத்துல வெச்சு டைட் பண்றீங்க? ரப்பர் புஷ்ல வெளி உறையும் உள் உறையும் ரப்பரோட ஒட்டியே இருக்கும், எதுவும் வழுக்கிச் சுத்தாது, சுத்தறதெல்லாம் ரப்பரோட முறுக்கல்தான். நடு போல்ட்டை டைட் பண்ணின அந்த நிமிஷத்துல ப்ராக்கெட் எந்தக் கோணத்துல இருக்கோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. மத்த புஷ்களை எல்லாம் வண்டி தரையில நிக்கிற உயரத்துக்கு ஆர்மைத் தூக்கி வெச்சு டைட் பண்ணிடலாம், ஆனா இதுல ப்ராக்கெட் குழிக்குள்ள போயிட்டா அந்த போல்ட்ல ஸ்பேனர் போடவே வழி கிடையாது, வெளியிலேயே கோணம் வெச்சு டைட் பண்ணித்தான் உள்ள தள்ளணும். அதுக்குத் தனி டூல் இருக்கு. டூல் இல்லாதவங்க ஆர்மை நிக்கிற உயரத்துக்கு ஜாக்கியால தூக்கி, கழட்டறதுக்கு முன்னாடியே ப்ராக்கெட்லயும் ஆர்ம்லயும் கோடு கிழிச்சு வெச்சுக்குவாங்க. ஆர்ம் தொங்கிக்கிட்டிருக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு டைட் பண்ணினா, வண்டி தரையில இறங்கின உடனே ரப்பர் முறுக்கின நிலையிலேயே நிக்கும், புது புஷ் சீக்கிரமே கிழியும், நீங்க புஷ் கம்பெனியைத் திட்டுவீங்க. இன்னொண்ணு, ப்ராக்கெட்டைக் கழட்டினதும் ஆர்ம் சடார்னு கீழ தொங்கும், ப்ரேக் பைப்பை இழுத்து வளைச்சிடும், அடியில முட்டுக்கொடுத்துட்டுத்தான் கழட்டணும். புஷ்ஷை உள்ள அமுக்க சோப்புத் தண்ணி போதும், கிரீஸ் வேணாம், சாதா கிரீஸ் ரப்பரை ஊற வெச்சிடும்.

அட்ஜஸ்டபிள் ஆர்ம் விஷயம். டோவை அந்த ப்ராக்கெட்டோட நீள ஓட்டையில உள்ள வெளிய நகர்த்தி வைக்கிறாங்க, கேம்பரைக் கீழ் ஆர்ம்ல இருக்கிற எக்சென்ட்ரிக் போல்ட்ல (மையம் விலகின போல்ட், திருப்பினா ஆர்ம் நகரும்) வைக்கிறாங்க. வண்டி கம்பெனி உயரத்துல இருந்தா இதுவே தாராளம். ரொம்பத் தாழ்த்தின வண்டியில கேம்பர் மைனஸ் பக்கம் கூடிப்போய் எக்சென்ட்ரிக்கைக் கடைசி வரைக்கும் திருப்பியும் பத்தாம நிக்கும், அப்போதான் அட்ஜஸ்டபிள் கீழ் ஆர்முக்கு வேலை. நீங்க தாழ்த்தினதா எழுதல, அதனால அந்தப் பணத்துல புஷ்ஷோட அலைன்மென்ட்டும் ரெண்டு பின் டயரும் வாங்குங்க, பழைய டயர்ல உள்பக்கம் தேஞ்சதை எந்த அலைன்மென்ட்டும் திருப்பிக் கொண்டுவராது. எப்படியிருந்தாலும் ஸ்பெரிக்கல், அட்ஜஸ்டபிள் ஆர்ம்னு போட்டீங்கன்னா உங்க ஊர் இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட மாற்றம் பண்ணினேன்னு சொல்லிடணும், மறைச்சா நாளைக்கு ஒரு விபத்துன்னு வரும்போது கையை விரிச்சிடுவாங்க. கிழிஞ்ச புஷ்ஷோட எம்ஓடிங்கிற வாகனத் தகுதி டெஸ்ட்டுக்குப் போனா அங்கயும் மாட்டிக்குவீங்க.

கேள்வி: ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 2017 மாடல். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது பின்னாடி இடது பக்கம் 'டொக்'னு ஒரு சத்தம். ட்ரெயிலிங் ஆர்ம் புஷ் போயிருக்கும், ரெண்டு பக்கமும் பாலி போட்டா கார்னரிங்கும் நல்லா இருக்கும்னு மெக்கானிக் சொல்றார். போடலாமா சார்?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சத்தம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம எதையும் போடாதீங்க சார். நம்ம ஊர் ரோட்டுல 'டொக்' சத்தத்துக்கு முதல் ஆசாமி பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (வண்டி சாயாம பிடிக்கிற கம்பியைச் சஸ்பென்ஷனோட இணைக்கிற குட்டி ராட்), அடுத்தது ஷாக் மேல் மவுண்ட், புஷ் அதுக்கப்புறம்தான். லிங்க் ராடை ரெண்டு பக்கமும் கழட்டிக் கட்டி வெச்சுட்டு அதே ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஒரு தடவை ஏத்தி இறக்குங்க, சத்தம் நின்னா ஆள் அவன்தான்.

இன்னொரு விஷயம், மேல லண்டன் தம்பிக்குச் சொன்னதை அப்படியே உங்க வண்டிக்கு எடுத்துக்காதீங்க. உங்க விஆர்எஸ்ல இருக்கிறது நாலு லிங்க் வெச்ச பின்பக்கம், ஃபோக்ஸ்வேகன் 2003ல கோல்ஃப் ஐந்தாம் தலைமுறையில கொண்டுவந்த குடும்பம், அதுக்கு முன்னாடியே 1998ல ஃபோர்ட் ஃபோகஸ்ல இதே யோசனை வந்துடுச்சு. இதுல ட்ரெயிலிங் ஆர்ம் ஒரு கத்தி மாதிரி மெல்லிசான தகடு, முன்பின் விசையை மட்டும் தாங்கும், பக்கவாட்டுல தானே வளைஞ்சு குடுக்கும். டோவையும் கேம்பரையும் பிடிச்சு வைக்கிறது குறுக்கால இருக்கிற மூணு லிங்க். அதனால முன் புஷ்ஷைக் கெட்டியாக்கினா எம்3ல கிடைக்கிற மாதிரி கார்னரிங் வித்தியாசம் கிடைக்காது, பள்ளத்துல வீல் பின்னாடி கொஞ்சம் நகர்ந்து அடியை வாங்கிக்கிற வேலைதான் கெட்டுப்போகும், சீட்டுல குத்தும். கோயம்புத்தூர்ல கரி ஸ்பீட்வேக்கு மாசாமாசம் போறீங்கன்னா டயரும் ப்ரேக் பேடும்தான் உங்களுக்கு முதல் செலவு. புஷ் நிஜமாவே கிழிஞ்சிருந்தா அசல் ரப்பரையே போட்டுட்டு, எல்லா லிங்க் போல்ட்டையும் வண்டி தரையில நிக்கிற உயரத்துல வெச்சு டைட் பண்ணச் சொல்லுங்க, தொங்கவிட்டு டைட் பண்றதுதான் நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்கள்ல நடக்கிற வழக்கம்.

கேள்வி: தலைவரே, நம்மகிட்ட 1999 ஹோண்டா சிவிக் ஈகே. பின்னாடி ட்ரெயிலிங் ஆர்ம் புஷ் ரெண்டும் அவுட். கடையில ரெண்டு வகை காட்டுறாங்க, ஒண்ணு கெட்டி ரப்பர், ஒண்ணு பாலி. எது நல்லது?
- ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: கெட்டி ரப்பர், யோசிக்கவே வேணாம் பிரதர். ஈகேல ட்ரெயிலிங் ஆர்மோட முன்பக்கத்துல காம்பென்சேட்டர் ஆர்ம்னு குட்டியா ஒண்ணு குறுக்கால போகும், பார்த்திருப்பீங்க. பள்ளத்துல அடி வாங்கும்போது புஷ் முன்பின்னா கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், அப்போ டோ கண்டபடி மாறாம பாத்துக்கிறது அந்தக் குட்டி ஆர்ம். புஷ்ஷை வெட்டிப் பாத்தா ரப்பருக்கு நடுவுல வேணும்னே காலி இடம் விட்டிருக்கும், அது சிக்கனம் இல்ல, ஹோண்டாக்காரன் கணக்குப் போட்டு விட்ட இடம். பாலி அந்தக் காலி இடத்தை அடைச்சுட்டா காம்பென்சேட்டர் ஆர்மும் புஷ்ஷும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்.

அந்தக் காலி இடம் எந்தப் பக்கம் பாக்கணும்னு கணக்கு இருக்கு, அதனால பழைய புஷ்ஷை அடிச்சுக் கழட்டறதுக்கு முன்னாடி நடு முள்ளு எந்தக் கோணத்துல நிக்குதுன்னு ஆர்ம்ல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு, போட்டோவும் எடுத்து வெச்சுக்குங்க. பழசை எடுக்க தீ வெச்சு எரிக்கிற கடைக்காரங்க இருக்காங்க, புகை நாத்தம் மட்டும் இல்ல, ஆர்மோட பெயிண்ட் போய் துருவும் பிடிக்கும், ப்ரெஸ் வெச்சிருக்கிற கடையாப் பாத்துப் போங்க.

கேள்வி: ஐ20 என் லைனுக்கு ட்ரெயிலிங் ஆர்ம் அப்கிரேட் இருக்கா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: இல்ல, அந்த வண்டியில தனி ஆர்மே கிடையாது. பின்னாடி இருக்கிறது டார்ஷன் பீம், ரெண்டு பக்கத்தையும் ஒரே பீம் சேர்த்துப் பிடிச்சிருக்கு, முன்னாடி ரெண்டு பெரிய புஷ், அவ்வளவுதான். அந்த ரெண்டும் கிழிஞ்சா மாத்துங்க, சும்மா இருக்கும்போது கெட்டியாக்கிப் பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. பின்பக்கம் சுறுசுறுப்பா வேணும்னா நல்ல டயர் போட்டு, கம்பெனி சொன்ன காத்தழுத்தத்தை வாரா வாரம் பாருங்க, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குப் போனாலும் முதல் வருஷத்துக்கு இதுவே போதும்.

கேள்வி: போன வருஷம் பாலி புஷ் போட்டேன், இப்ப கீச் கீச்னு பழைய கட்டில் மாதிரி சத்தம். எண்ணெய் ஊத்தலாமா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ஊத்தாதீங்க. என்ஜின் ஆயில் ரெண்டு நாளைக்கு சத்தத்தை நிறுத்தும், அப்புறம் மண்ணைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கழட்டி, துடைச்சு, உள் ஸ்லீவ்ல (நடுவுல இருக்கிற உலோகக் குழாய்) கோடு விழுந்திருக்கான்னு பாத்துட்டு, புஷ்ஷோட வந்த சிலிகான் கிரீஸையே திரும்ப நல்லாப் பூசி மாட்டுங்க. ஸ்லீவ்ல நகம் மாட்டுற அளவுக்குக் கோடு இருந்தா கிரீஸ் வேலைக்கு ஆகாது, ஸ்லீவையும் மாத்தணும்.